அநாதைக் கடனுக்கு ஒரு தகப்பன்

சலூன்காரர் தன் வாழ்நாளில் கடன் வாங்கியதில்லை. எதிர்க்கடையில் சில்லறை இல்லாமல் ஒரு பிளேடு பாக்கெட் வாங்கி வந்துவிட்டால் அவருக்குக் கை ஓடாது. முகத்தில் பாதி சோப்போடு ஒரு மனிதரை உட்கார வைத்துவிட்டு, ஓடிப்போய்க் காசைக் கொடுத்துவிட்டு வந்துதான் மறுபாதியைச் சிரைப்பார். இந்த மாதிரி ஆட்களை உலகத்தில் எந்த அலுவலகத்துக்கும் பிடிப்பதில்லை என்கிற விஷயம் நாற்பத்தெட்டு வயது வரை அவருக்குத் தெரியாமல் இருந்தது.

தெரியவைத்த புண்ணியவான் கட்டடக்காரர். நான்கு கடைகள் கொண்ட அவருடைய கட்டடத்தில் மூன்றாவது கடைதான் சலூன். பதினேழு வருஷம், ஒரு மாதம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. வாடகை ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டும். இரண்டாம் தேதி காலையில் முடிவெட்டிக்கொள்ள வந்த கட்டடக்காரர், தலையைக் குனிந்துகொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை ஒரு காகிதம் வேணும் தம்பி. உங்க கடன் அறிக்கை. மதிப்பெண் அறுநூறுக்கு மேல இருக்கணும்."

"எனக்குத்தான் கடனே இல்லையேண்ணே."

"அதைத்தான் காகிதத்துல கேக்கறேன்."

"பதினேழு வருஷமா வாடகை கொடுக்கறேன். நான் எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? காகிதத்துக்குத் தெரியணுமில்ல. என்னோடது எண்ணூத்தித் தொண்ணூறு. காலண்டருக்குப் பக்கத்துல சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன். முப்பதாம் தேதிக்குள்ள கொண்டு வந்துடுங்க. செல்போன் கடைக்காரர் ஒருத்தர் அட்வான்ஸைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு." சொல்லிவிட்டு, காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

சலூன்காரரின் மனைவி ஒரு போர்வைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவள். நூறு போர்வையில் ஒரு தையல் விலகியிருந்தாலும் அவள் விரல் அந்த இடத்தில்தான் போய் நிற்கும். அன்று சாயங்காலம் அவள்தான் தன் செல்போனில் கணவனின் கடன் அறிக்கையைத் திறந்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னங்க, தலை சாயற நாற்காலி ஒண்ணு கடன்ல வாங்கினீங்களா?"

"நம்ம கடை நாற்காலி ரெண்டும் எங்கப்பா காலத்து நாற்காலி. உனக்குத் தெரியாதா?"

"இதுல விளக்கு இருக்காம். எச்சில் துப்பற தொட்டி இருக்காம். பத்தொன்பது மாசமா தவணை கட்டலையாம். மதிப்பெண் முன்னூத்திப் பன்னெண்டு." அவள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். "எனக்குத் தெரியாம எங்கயாவது ஒரு நாற்காலி வச்சிருக்கீங்களா?"

இருபத்து மூன்று வருஷத் தாம்பத்தியத்தில் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. நாற்காலியை முன்னிட்டுச் சந்தேகம் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கடன் மதிப்பெண் ஆணையத்துக்குப் போனார். வெளியே கண்ணாடி, உள்ளே பளிங்கு, நடுவில் யாரும் உட்கார முடியாதபடி வழுக்கும் நாற்காலிகள். மூன்றாவது கவுண்டரில் இருந்த பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"சொல்லுங்க சார்."

"என் அறிக்கையில தப்பா ஒரு கடன் ஏறியிருக்கும்மா."

"ஆணையத்துல தப்பு ஏறாது சார். உங்களுக்கு ஏதாவது கருத்து வேறுபாடு இருந்தா மஞ்சள் படிவம் இருக்கு."

மஞ்சள் படிவம் முதல் வரியிலேயே கடன் கணக்கு எண்ணைக் கேட்டது. அறிக்கையில் அந்த எண் இருந்த இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள்தான் இருந்தன. கேட்டதற்கு, கடன் வாங்கியவரின் அந்தரங்கத்தைக் காப்பாற்றுவதற்காக அப்படி என்றாள் அந்தப் பெண். எண் வேண்டுமென்றால், கடன் வாங்கியவருக்கு மட்டுமே தெரிந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நாற்காலியோட நிறம் என்ன?"

"நான்தான் வாங்கவே இல்லையேம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

"'எப்படித் தெரியும்'னு போட்டிருக்கேன். தப்புன்னு வருது. விளக்குல எத்தனை பல்பு?"

"அதுவும் தெரியாதும்மா."

"முதல் தவணை எந்தத் தேதி கட்டினீங்க?"

சலூன்காரர் கையை விரித்தார். அந்தப் பெண் ஒரு பொத்தானைத் தட்டினாள். சட்டைப் பையில் அவர் செல்போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். 'யாரோ ஒருவர் உங்களைப் போல் நடித்து உங்கள் கணக்குக்குள் நுழைய முயன்றார். கவனமாக இருக்கவும்' என்றிருந்தது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"அது நான்தாம்மா."

"அவங்க எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க," என்றாள். நடந்த முயற்சிக்காகப் பத்து மதிப்பெண் குறைந்து முன்னூற்றிரண்டு ஆனது. நடித்தவருக்கு அல்ல, நடிக்கப்பட்டவருக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவிக்குச் சந்தேகம் தீர்ந்தது. அவ்வளவு பரிதாபமாக ஒருவர் பொய் சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். "சாயற நாற்காலி, விளக்கு, எச்சில் தொட்டி. இது மூணும் ஒண்ணா எங்கங்க இருக்கும்? நம்ம தெருக்கோடியில ரெண்டு வருஷம் முன்னால கடை திறந்தாரே, அந்தப் பல் டாக்டர்கிட்டதான். போய்ப் பார்த்துட்டு வாங்க," என்றாள்.

போனார். பல் டாக்டர் வாயெல்லாம் சிரிப்பாக வரவேற்றார். வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கண்ணாடியை விட்டுவிட்டார். நாற்காலி இளம்பச்சை. தலைக்கு மேல் விளக்கில் இரண்டு பல்பு. சலூன்காரர் இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டார்.

"நாற்காலி சுகமா இருக்கா? கடன்ல வாங்கினது," என்றார் டாக்டர். "முதல் தவணை ஏழாம் தேதி கட்டினேன். அதுவேதான் கடைசித் தவணையும். அடுத்த மாசம் என் கடன் அறிக்கையைப் பார்த்தா அப்படி ஒரு கடனே இல்ல. எண்ணூத்தி எழுபதுன்னு போட்டிருக்கு. நானும் யோசிச்சேன். ஆணையத்தோட முத்திரை போட்ட காகிதமே கடன் இல்லைன்னு சொல்லுது. நான் ஒரு சாதாரணப் பல் டாக்டர். அவ்வளவு பெரிய இடத்தை எதுத்து, 'இல்ல, இருக்கு'ன்னு வாதாடறது மரியாதையா?"

"ஆஆ," என்றார் சலூன்காரர்.

"வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கடைவாய்ப் பல்லுல ஓட்டை இருக்கு. அடைச்சுடறேன்."

இப்படியாக, கடனைக் கழிக்கப் போனவர் ஒரு பல்லை அடைத்துக்கொண்டு, அதற்கு ரொக்கமாகப் பணமும் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் மூன்று விடையும் கையில் இருந்தது. பத்தாம் தேதி மறுபடி கவுண்டருக்குப் போய், இளம்பச்சை, இரண்டு பல்பு, ஏழாம் தேதி என்று ஒப்பித்தார். கவுண்டர் பெண் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"பார்த்தீங்களா சார்? இதெல்லாம் கடன் வாங்கினவருக்குத்தான் தெரியும்." மஞ்சள் படிவத்தின் மேல் ஒரு முத்திரை குத்தினாள். 'கடனாளி இவரே என உறுதி செய்யப்பட்டது' என்றது முத்திரை. "இரண்டாவது மாடியில பொருத்துநர் சாரைப் பாருங்க."

பொருத்துநர் என்பது ஆணையத்தில் ஒரு பதவி. அந்தப் பதவியில் இருந்தவர் அறுபதை நெருங்கும் சாந்தமான மனிதர். மேஜை மேல் கோப்புகளை ஒன்றின்மேல் ஒன்று போடாமல், மூச்சுவிட இடம் விட்டு அடுக்கியிருந்தார்.

"வாங்க, உட்காருங்க. குழந்தை விஷயமா வந்திருக்கீங்க."

"குழந்தை இல்ல சார். நாற்காலி."

"உங்களுக்கு நாற்காலி. எங்களுக்கு எல்லாம் குழந்தைங்கதான்." சலூன்காரரின் கோப்பை எடுத்து, தூசி இல்லாத அதன் மேலட்டையைத் துடைத்தார். "ஒண்ணரை வருஷம் முன்னால எங்க கம்ப்யூட்டரை மாத்தினோம். மாத்தறப்போ நாப்பதாயிரம் கடன்லேர்ந்து வாங்கினவங்க பேர் உதிர்ந்து போச்சு. நினைச்சுப் பாருங்க. நாப்பதாயிரம் கடன், அப்பா பேர் தெரியாம. வேற ஆபீசா இருந்தா அழிச்சுட்டுப் போயிருப்பாங்க. நாங்க விடல. அநாதைக் கடன் மறுவாழ்வுத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தோம். ஒவ்வொரு கடனுக்கும் தகுந்த ஆளாப் பார்த்து ஒப்படைச்சோம். இன்னிக்கு இந்த நாட்டுல ஒரு கடன்கூட அநாதை இல்ல." அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

"நிஜமா வாங்கினவங்களைத் தேடியிருக்கலாமே சார்?"

"தேடறதா? தேடினா என்ன அர்த்தம்? தொலைச்சுட்டோம்னு அர்த்தம். ஆணையம் எதையும் தொலைக்கறதில்ல."

"சரிங்க சார். அதுக்கு நான் எப்படி?"

"பொருத்தம் பார்த்தோம். தலை சாயற நாற்காலி. இந்தத் தெருவுல அப்படி நாற்காலி போட்டுத் தொழில் பண்றவங்க பட்டியல்ல முதல் ஆள் நீங்க. பத்துக்கு ஒன்பது பொருத்தம். எச்சில் தொட்டி ஒண்ணுதான் உதைச்சுது. உங்க கடைக்கு வர்றவங்கள்ல நாலு பேராவது துப்புவாங்கன்னு விட்டுட்டோம்."

"சார், வாங்கினது தெருக்கோடி பல் டாக்டர். அவரே என்கிட்ட சொன்னாரு."

பொருத்துநர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "அவர் மதிப்பெண் எண்ணூத்தி எழுபது. எண்ணூத்தி எழுபது வாங்கினவர் தவணை கட்டாம இருப்பாரா? உங்களுது முன்னூத்திரெண்டு. அவரை விட்டுட்டு உங்களை நம்பினா, எங்க எண்ணை நாங்களே நம்பலைன்னு ஆயிடும். அப்புறம் ஜனங்க எதை நம்புவாங்க?"

"கடன் கொடுத்த வங்கியையாவது ஒரு வார்த்தை கேளுங்க சார்."

"கேக்காம இருப்போமா? வங்கியைக் கேட்டோம். எங்க பதிவைப் பார்த்து, ஆமான்னு எழுதிட்டாங்க. அவங்க எங்களைக் கேட்டாங்க. அவங்க எழுதினதைப் பார்த்து நாங்களும் ஆமான்னு எழுதிட்டோம். ரெண்டு தனித்தனி இடத்துலேர்ந்து உறுதியாயிருக்கு." அவர் கோப்பை மூடினார். "நீங்க இந்தக் கடனை இதுவரைக்கும் ஒரு நாளாவது அன்பா நினைச்சிருக்கீங்களா? முயற்சி பண்ணிப் பாருங்க. முறைப்படி முடிவு தபால்ல வரும்."

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு அவர் செல்போனுக்கு, 'உங்கள் கடன் உங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது' என்று ஒரு செய்தி வர ஆரம்பித்தது. செல்போன் கடைக்காரர் இரண்டு தடவை சலூனுக்குள் வந்து, யாரிடமும் கேட்காமல் சுவரை அளந்துகொண்டு போனார். கண்ணாடியை எங்கே உடைப்பது என்று தன் ஆளிடம் சத்தமாகப் பேசினார். சலூன்காரர் அப்போது ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அன்று முதல் தடவையாக அவருடைய கத்தரி ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

இருபத்து நான்காம் தேதி தபால் வந்தது. மூன்று பக்கம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, பதிவு சரியானது, முடிவு இறுதியானது. சலூன்காரர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டார். சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"கடை போறதுகூட போகட்டும். ஒருத்தன் கடனை வாங்கிட்டு ஏமாத்திட்டான்னு என் பேர்ல எழுதி வச்சிருக்காங்களே. அதைத்தான் தாங்க முடியல," என்றார்.

மனைவி அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கி, வேலை செய்யும் இடத்தில் போர்வையைப் பார்ப்பது மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரை விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இதைக் கேளுங்க. 'மேற்படி கடனும், அதைக்கொண்டு வாங்கிய பொருளும், எல்லா வகையிலும் மனுதாரருக்கே உரியவை. இதை மறுக்க எவருக்கும் உரிமை கிடையாது.' எவருக்கும்னு போட்டிருக்கு."

"அதுக்கு?"

"எவருக்கும்னா டாக்டருக்கும்தானே?"

மறுநாள் அவள் லீவு போட்டாள். ஒரு தள்ளுவண்டியையும், குழாய் வேலை செய்பவர் ஒருவரையும் ஏற்பாடு செய்தாள். சலூன்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை என்றார். "இது உங்க பொருள். நான் சொல்லல, ஆணையம் சொல்லுது," என்றாள் மனைவி.

அவர்கள் போனபோது நாற்காலியில் ஒரு பள்ளி ஆசிரியை வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"இது அநியாயம். நான் வாங்கின நாற்காலி இது."

"அப்படிங்களா? கடன்ல வாங்கினீங்களா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேட்டாள் மனைவி.

டாக்டர் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். பிறகு எண்ணூற்றி எழுபது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டார். பல் டாக்டர் வாயை மூடிக்கொண்டதும் குழாய்க்காரர் முதல் திருகைக் கழற்றினார்.

நாற்காலி தள்ளுவண்டியில் தெருவோடு போனது. பின்னால் டாக்டர் போனார். அவருக்குப் பின்னால், பாதி பல் மட்டும் குடையப்பட்ட ஆசிரியை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மீதியை யாரு பார்ப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே போனார். சலூனில் மூன்றாவது நாற்காலியாக அது இறங்கியது. குழாய்க்காரர் தண்ணீரை இணைத்ததும் ஆசிரியை ஏறிப் படுத்துவிட்டார். டாக்டருக்கு வேறு வழி இல்லை. பக்கத்தில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்து யோசனை சொல்ல, அவர் அங்கேயே மீதிப் பல்லை அடைத்து முடித்தார். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று நோயாளிகள் விசாரித்துக்கொண்டு சலூனுக்கே வந்துவிட்டார்கள். அதில் ஒருவருக்குத் தவறுதலாக முடியும் வெட்டப்பட்டது.

கடை சாத்தும் நேரத்தில் டாக்டர் தணிந்த குரலில் கேட்டார். "இப்ப உங்களுக்கு என்னதான்மா வேணும்?"

"கடனை அடைங்க டாக்டர். நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போங்க."

"என் பேர்ல கடனே இல்லையே. நான் எப்படிக் கட்டறது?"

"இவர் பேர்ல இருக்குல்ல. இவர் பேர்ல கட்டுங்க."

இரண்டு நாள் டாக்டர் சலூனிலேயே பல் பிடுங்கினார். பிடுங்கும்போது வரும் சத்தத்தில் சவரத்துக்கு வந்தவர்கள் எழுந்து போனார்கள். சவரத்துக்கு வந்தவர்கள் போடும் அரட்டையில் டாக்டர் எந்தப் பல் என்பதை மறந்தார். இருபத்து ஏழாம் தேதி வங்கிக்குப் போய், அசலும் வட்டியும் அபராதமும் சேர்த்து, சலூன்காரர் பெயரில் மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் கட்டினார். நாற்காலி வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. ரசீதை மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆணையத்தின் கம்ப்யூட்டருக்கு நேர்மையானவர்களைத் தெரியாது. ஆனால் பத்தொன்பது மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் அத்தனையும் கட்டுகிறவரை அதற்கு ரொம்பப் பிடிக்கும். இருபத்து ஒன்பதாம் தேதி பார்த்தபோது சலூன்காரரின் மதிப்பெண் எண்ணூற்றி அறுபத்து நான்கு. நாற்பத்தெட்டு வருஷம் யாருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காமல் அவர் சம்பாதிக்காத பெயரை, இன்னொருவர் கட்டாமல் விட்ட நாற்காலி சம்பாதித்துக் கொடுத்துவிட்டது.

முப்பதாம் தேதி கட்டடக்காரர் புது வாடகை ஒப்பந்தத்தோடு சலூனுக்கு வந்தார். எண்ணைப் பார்த்தார். சலூன்காரரை முதல் தடவையாக "வாங்க, உட்காருங்க" என்று அவர் கடையிலேயே உபசரித்தார். மனைவியும் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள். கட்டடக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, பேனா மூடியைத் திறந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

அந்த நேரம் பார்த்து வாசற்படியில் பொருத்துநர் ஏறி வந்தார். கையில் ஒரு கோப்பு. முகத்தில் சொல்ல முடியாத பூரிப்பு.

"என்னோட முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மனசைப் பார்த்ததில்ல," என்றார் சலூன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு. "எத்தனையோ பேருக்கு அநாதைக் கடனைக் கொடுத்திருக்கோம். எல்லாரும் வந்து சண்டை போடுவாங்க. ஒருத்தர்கூட முழுசா வளர்த்து ஆளாக்கினதில்ல. நீங்க ஆக்கிட்டீங்க. அதனால உங்களை நம்பி இன்னொண்ணு கொண்டு வந்திருக்கேன்."

சலூன்காரர் கையை உருவிக்கொண்டார். "வேண்டாம் சார். ஒண்ணுக்கே பட்ட பாடு போதும்."

"வேணுமா வேண்டாமாங்கற கட்டம் தாண்டிடுச்சு. நேத்தே உங்க பேர்ல பதிஞ்சாச்சு. முடிவு இறுதியானது. பெரிய குழந்தை. பதினெட்டு மாசப் பாக்கி."

"என்ன பொருள் சார்?" என்று கேட்டாள் மனைவி.

பொருத்துநர் கோப்பைப் பிரித்தார். "கட்டடம். நாலு கடை. இதுக்குப் பொருத்தமே பார்க்க வேண்டியிருக்கல. முகவரி இதுவேதான்."

பேனா காகிதத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது. கட்டடக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். சொன்னால் எந்த வாக்கியத்தில் ஆரம்பிக்க வேண்டும் என்று யோசித்தார். எந்த வாக்கியத்தில் ஆரம்பித்தாலும் அது பதினெட்டு மாதத் தவணையில்தான் போய் முடிந்தது.

பொருத்துநர் அவரை அன்போடு திரும்பிப் பார்த்தார். "சார் யாரு? இங்க எந்தக் கடையில வாடகைக்கு இருக்கீங்க?"

கட்டடக்காரர் பேனாவை மூடினார்.

"கட்டடமும் எங்களுதுதானே சார்?" என்றாள் மனைவி.

"எல்லா வகையிலும்மா. மறுக்க எவருக்கும் உரிமை கிடையாது."

அவள் கட்டடக்காரரின் கைக்குக் கீழிருந்து ஒப்பந்தத்தை மெதுவாக உருவி எடுத்தாள். ஓரத்திலிருந்து ஓரம் வரை விரல் வைத்துப் படித்தாள்.

"மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு," என்றாள். "ரெண்டு பேரும் கையெழுத்து போடற இடம் மட்டும் மாறணும்."